தீபாவளிக்கு யார் படம்?

ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2025 ஒக்டோபர் 17-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, பத்தாந் தரத்துக்குத் தமிழிலக்கணம் கற்பிக்கவேண்டிய வேளையில், இதனை எழுதுபவன் மட்டக்களப்பு நகரிலே ஒரு படமாளிகையின் பின்வரிசையில் அமர்ந்திருந்தான். விடுமுறை முறைப்படி எழுதிக் கொடுக்கப்பட்டதுதான்; ஆனால் விண்ணப்பத்தில் 'சொந்த அலுவல்' என்று மட்டுமே குறித்திருந்தேன். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது, நான்கு வரிசைக்கு முன்னால், அன்று வகுப்பிலிருந்திருக்க வேண்டிய என் மாணவர் ஐவர் எழுந்து நின்றனர். நான் அவர்களைக் கண்டேன். அவர்களும் என்னைக் கண்டனர். சிறிது நேரம் இரு தரப்பாரும் வாய் திறக்கவில்லை. பின்னர் அவர்களுள் துணிந்த ஒருவன், "சேரும் வந்திரிக்கிங்களா?" என்றான். கள்வனும் காவலனும் ஒரே சுவரேறிக் குதித்தால் யார் யாரைப் பிடிப்பது?

மாலையில் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி எல்லாங் கடந்து, திருகோணமலை வீதியிற் காயாங்கேணியும் தாண்டினால்தான் எங்கள் மாங்கேணி. நெடும்பொழுது அது. கதாநாயகனையும் சண்டைகளையும் பற்றிப் பேசிக் களைத்தபின், அதே மாணவன் என்னருகே வந்து நின்று கேட்டான்: "சேர், அந்தப் படத்தில வாற ஊர் நம்மட ஊர் மாதிரித்தான் இரிக்கி. நம்மட ஊர ஏன் ஒருத்தரும் படமா எடுக்கிறாங்கல்ல?"

நான் விடை கூறவில்லை. மழை தூறிற்று, யன்னலை இழுத்து மூடினேன். இக்கட்டுரை அன்று கூறாத விடை.

நாங்கள் பார்த்தது மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்'. தென் தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றிலே பிறந்து, சாதிப்பகை நாலாபுறமும் மறித்து நிற்க, கபடி ஆடி மேலெழத் துடிக்கும் ஓர் இளைஞனின் கதை அது. மணத்தி கணேசன் என்னும் புகழ்பெற்ற கபடி வீரரின் வாழ்விலிருந்து ஊக்கம் பெற்றது. அதே நாளில் 'டியூட்', 'டீசல்' என்பனவும் வெளியாயின; பின்னது வடசென்னைக் கடற்கரை மீனவரைக் களமாகக் கொண்டது. 'பைசன்' எனக்குப் பிடித்திருந்தது. நீளம் மிகுதி, இரத்தமும் மிகுதி என்பது என் கருத்து. ஆயினும், தன்னூர்ப் புழுதியைத் தானே அள்ளி வந்து திரையில் தூவிய ஒருவனின் படம் அது. அங்குள்ள பனையும் ஆடும் கபடித்திடலும் எவரோ வாடகைக்குக் கொணர்ந்து வைத்தவையல்ல.

அதனாலேதான் என் மாணவனின் கேள்வி நெஞ்சிலே தைத்தது. திருநெல்வேலிச் சீமைப் பையனுக்கு அவ்வாண்டு தீபாவளிக்குத் தன் ஊர் திரையிற் கிடைத்தது. வடசென்னை மீனவனின் மகனுக்கும், வணிகக் கலப்புடனாயினும், ஏதோ ஒன்று கிடைத்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேட்டில் வாழும் எங்கள் பையனுக்குக் கிடைத்தது, பிறருடைய தீபாவளியைப் பார்த்துச் சீட்டியடிக்கும் உரிமை மட்டுமே. அந்த உரிமையும் இலவசமன்று.

அதன் விலையைச் சற்றுக் கவனிப்போம். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றும் ஐப்பசியிலேதான் திரும்புகிறது. கடல் கொந்தளிக்கும், கரைவலை வாடிகள் வெறிச்சோடும், வள்ளங்கள் மணலிலே கவிழ்ந்து கிடக்கும். வாவியில் வீச்சுவலை வீசுவோர் மட்டும் ஏதோ அன்றன்றைய பாட்டைத் தேடிக்கொள்வர். வயலுள்ளோர் கையிலிருந்ததை விதைப்பிற் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பர். ஆக, எமது பகுதி மிகவும் வறண்டிருக்கும் மாதத்திலேதான் ஆண்டின் மிகப் பெரிய படங்கள் வந்திறங்குகின்றன. பஸ்காசும் டிக்கட்டும் இடைவேளைச் சிற்றுண்டியுமாகச் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பிற் பெரும்பங்கு போய்விடும். வாரக் கடன் அறவிட வரும் நுண்கடன்காரனுக்கென்று தாய் முடிந்து வைத்த காசு எந்த முடிச்சவிழ்ந்து எங்கே போயிற்றென்பதை நான் அறிவேன். அந்தத் தாயே என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.

இன்னுமொரு கணக்கும் உண்டு. 2022 ஏப்ரில் 12-ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று இந்நாடு உலகுக்கு அறிவித்தது. மறுநாள், ஏப்ரில் 13-ஆம் நாள், 'பீஸ்ட்' வெளியாயிற்று. சித்திரைப் புத்தாண்டுப் படம்! பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை என்று நாம் நின்ற நாட்கள் அவை. குழந்தைக்குப் பாலின்றித் தவித்த நாட்டிலே நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலூற்றுவதைப் பற்றி வாய் கூசாமற் பேசியோரை நான் கேட்டேன். அவர்களுள் ஒருவர் ஆசிரியர்!

இவ்விடத்திலே கண்ணாடியணிந்த நம் நண்பர்கள் சிலர் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள் என்பது தெரியும். "பார்த்தீரா, சினிமா ஒரு நச்சுப்புகை, பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பும்" என்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. பண்டிகை நாளில் ஆயிரம் பேர் ஒரே இருட்டில் ஒன்றாய்ச் சிரிப்பதும் ஒன்றாய் விம்முவதும் இழிவான காரியமன்று. உழைத்துக் களைத்த மனிதனுக்கு அது வேண்டும், எனக்கும் வேண்டும். பண்டிகைப் படமென்றாலே குப்பை என்பதும் பொய். 1944-இல் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. அஃது ஒரு பக்திப்படம் என்று தள்ளுவோர் தள்ளுக. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' பட்டினியையும் போலிப் பக்தியையும் நீதிமன்றக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்டது. 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வந்தது. சனங்கள் கூடும் நாளிலே சனங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்ல இயலும் என்பதற்கு இவை சான்று. பண்டிகையைக் குற்றஞ் சொல்வதற்கில்லை. அப்பண்டிகையில் பேசும் வாய் யாருடையது என்பதே கேள்வி.

சென்னைப் படங்களின் தீபாவளியில் ஈழத்து மனிதன் ஒருபோதும் தோன்றியதில்லை என்று நான் சொல்லவில்லை. தோன்றியிருக்கிறான். 2000-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த 'தெனாலி'யிலே கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசினார். கண்டதற்கெல்லாம் அஞ்சி நடுங்கும் அகதி அவன். அவ்வச்சத்தைக் கண்டு அரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு வந்த 'நந்தா'விலே லைலா அகதிப் பெண்ணாகத் தோணியிலிருந்து இறங்கினார். இரண்டு தீபாவளிகளிலும் நாம் விருந்தாளிகளாகவே உள்ளே நுழைந்தோம்: ஒன்றில் சிரிப்பூட்ட, மற்றொன்றில் இரங்கவைக்க. 2025 மே முதலாந் திகதி வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' இவற்றினும் அன்பான படம். பொருளாதார நெருக்கடியிலே நாட்டை விட்டோடிய ஒரு குடும்பத்தைக் கனிவோடு காட்டிற்று. ஆனால் அங்கும் எமது கதை நாம் கரையைவிட்டு நீங்கிய பிறகே தொடங்குகிறது. கரையிலேயே இருந்துவிட்டவர்களுக்குக் கதை கிடையாதா?

இவற்றிற் பேசப்படும் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழென்றாற் சென்னைக்கு யாழ்ப்பாணத் தமிழொன்றே தெரியும். 'மறுகா', 'ஒள்ளுப்பம்', 'என்னகா புள்ள' என்னும் மட்டக்களப்பு வழக்கை இந்தப் பண்டிகைப் படங்கள் எதிலும் நான் கேட்டதில்லை. எங்கள் பெண்கள் கிணற்றடியிற் பேசும் அந்த ஓசை திரையிலே ஒலித்தால், முதற்காட்சியில் எங்கள் மக்கள் எழுப்பும் ஆரவாரத்திற் கூரை பறக்கும்.

"அதற்கு இங்கே கலைஞர் இல்லை" என்பார்கள். கேட்கச் சகிக்கவில்லை. பாலு மகேந்திரா எவ்வூர்? மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழி. 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்துக்காக டேவிட் லீன் கித்துல்கலைக்கு வந்து இறங்கிய காலத்திலே, அதைப் பார்த்து மயங்கிய பள்ளிச் சிறுவன் அவர். ஒளியை அவருக்கு முதலிற் கற்பித்தது பூனா அன்று. அமிர்தகழியின் அந்தி வெயில் என்பதே என் துணிபு. 'வீடு' எடுத்தார், 'சந்தியா ராகம்' எடுத்தார், 2014-இல் மறைந்தார். வாவியைப் படமாக்காமலே மறைந்தார். அவரை நான் குறைகூறவில்லை. அவர் ஏன் போகவேண்டியிருந்தது என்று கேட்கிறேன். கண்டியிற் பிறந்த குழந்தையைச் சென்னை எம். ஜி. ஆர். ஆக்கி எங்களுக்கே திருப்பி விற்றதல்லவா? என் தந்தையார் அந்தச் சரக்கை வாழ்நாளெல்லாம் வாங்கினார்.

வழியே இல்லாதிருந்ததா? இருந்தது. 1962-இல் 'சமுதாயம்' தொடங்கி இந்நாட்டிலே தமிழ்ப்படம் எடுக்கப்பட்டது. 'தோட்டக்காரி' வந்தது, ஹம்லெட்டைத் தழுவிக் 'கடமையின் எல்லை' வந்தது, 'குத்துவிளக்கு' வந்தது. எழுபதுகளில் அந்நியச் செலாவணி இறுகி, இந்தியப் படங்களின் வரவு ஒடுங்கியபோது, உள்நாட்டுத் தமிழ்ப்படம் சிறிது மூச்செடுத்தது. 1975-இல் 'புதிய காற்று', 1976-இல் வானொலித் தொடர்நாடகத்திலிருந்து பிறந்த 'கோமாளிகள்', 1978-இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. இவற்றுட் பல சென்னையின் நிழலிலேயே நடந்தன என்பது உண்மை. அழவைக்கும் தங்கை, பாடும் கதாநாயகன், கொமடிக் கூட்டம் எல்லாம் அப்படியே! ஆனால் 1977-இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் 'பொன்மணி'யை எடுத்தார். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் கண்ணெடுக்காமற் பார்த்த படம். பேராசிரியர் மௌனகுருவும் சித்திரலேகாவும் அதில் நடித்தனர். இருவரும் எமது மட்டக்களப்பார். அப்படம் அரங்குகளில் நிலைக்கவில்லை. முற்போக்காளர்களாகிய நாம் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினோம், இன்றும் எழுதுகிறோம். டிக்கட் வாங்கியவர் எத்தனை பேர் என்பதே என் ஐயம்.

பின்னர் 1977-க்குப் பிந்திய திறந்த சந்தை வந்தது, தொலைக்காட்சி வந்தது, வீடியோ வந்தது. 1983 யூலையில் நெருப்பு வந்தது. ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் வீதியிலே கொல்லப்பட்டார். அதன்பின் முப்பதாண்டு யுத்தம். இதனால் ஏற்பட்ட வெற்றிடத்திலேயே தீபாவளிப் பெட்டி முழுவதும் சென்னையிடம் போய்ச் சேர்ந்தது. போட்டியிட்டு வென்று பெற்ற இடமன்று அது. மனை எரிந்த பின்னர் வந்து வேலியடைத்த இடம்.

"சந்தை சிறிது" என்பது விநியோகஸ்தரின் இறுதி வாதம். இவ்வாதத்தையே ஒரு காலத்திற் சிங்களப் படத்தைப் பற்றியும் சொன்னார்கள். 1947-இல் வந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுணு பொறொந்துவ', எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் தென்னிந்திய ஸ்டுடியோவிலே தயாரிக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு அவர்களும் எங்களைப்போலத் தென்னிந்திய நிழலிலேதான் நடந்தனர். 1956-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவை ஸ்டுடியோவுக்கு வெளியே, வெயிலிலே, கிராமத்திலே கொண்டுபோய் வைத்து 'ரேகாவ'வை எடுத்தார். அதுவும் வசூலிலே தோற்றது! தோற்ற பின்னும் அவர்கள் விடவில்லை. கேரளத்திலோ, மீனவக் குடிசையிலிருந்து பிறந்த தகழியின் 'செம்மீன்' 1965-இற் படமாகி, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தையும் பெற்றது; சனங்களும் கொட்டகையை நிறைத்தனர். மீன்வாடை திரைக்கு ஆகாதென்பார் இதற்கு என்ன சொல்வர்? 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறோம். சென்னை வசூற்கணக்கிலே 'வெளிநாடு' என்ற ஒரே பத்தியில் நாங்கள் அடங்கிவிடலாம். எங்கள் கணக்கிலே நாங்கள் எவ்வாறு வெளிநாடாவோம்?

எங்கள் மக்களுக்குக் கலை செய்யத் தெரியாதென்று எவராவது சொன்னால், கூத்துக் களரியை வந்து பார்க்கட்டும். வடமோடியோ தென்மோடியோ, ஒரு கூத்துப் பழக மாதங்கள் செல்லும். பகலில் வலையிழுத்தவன் இரவிலே அண்ணாவியாரின் மத்தளத்துக்கு அடியெடுத்து வைப்பான். சதங்கை அணியும் நாளில் ஊரே கூடும். அரங்கேற்றத்தன்று விடியும்வரை பார்த்திருப்போர் அனைவருக்கும் ஆடுகிறவன் யார் மகன், எங்கே தவறினான், யார் அவனுக்கு வெள்ளுடுப்புக் கொடுத்தார்கள் என்பது தெரியும். பார்ப்பவன், ஆடுபவன் என்ற சுவர் அங்கே மெல்லியது. இதைச் சொல்லி நான் பழம்பெருமை பாடவில்லை. அக்களரியிலும் முதல் மரியாதை போடியாருக்கே போயிற்று. பறையடித்தவன் எங்கே நிறுத்தப்பட்டான் என்பதும் எமக்குத் தெரியும். ஆயினும் பேராசிரியர் வித்தியானந்தன் 1962-இலிருந்து பேராதனையிலே 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று அதனைப் புதிய மேடைக்குக் கொண்டு வந்தபோது, பழைய உருவத்தைத் திருத்தி இக்காலத்துக்கு ஆக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டதல்லவா? கூத்துக்குச் செய்ததைக் கமராவுக்குச் செய்ய ஏன் ஆளில்லை?

இனி, மாணவனின் கேள்வி. மாங்கேணியிலே படமாக்க என்ன இருக்கிறது? 2004 டிசம்பர் 26 இருக்கிறது. 2006-இன் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பகுதியே எழுந்து நடந்த நடை இருக்கிறது. என் பத்தாந் தரத்துப் பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் பின்னர் பிறந்தவர்கள். அவர்களின் தாய்மார் இரண்டையும் உடலாற் கண்டவர்கள். தாய் சொல்வதில்லை, பிள்ளை கேட்பதில்லை. ஒரே பாயிற் படுக்கும் இருவருக்கிடையே ஒரு கடலும் ஒரு யுத்தமும் பேசப்படாமற் கிடக்கின்றன. அந்தப் பிள்ளையை மும்பாயின் குண்டர் கதையும் மதுரையின் அரிவாட் கதையும் மனப்பாடமாகத் தெரிந்தவனாகவும், தன் தாய் எந்த மரத்தடியில் எத்தனை நாள் கிடந்தாள் என்பது தெரியாதவனாகவும் வளர்க்கிறோம். எனக்குச் சினம் மூட்டுவது இதுவே.

ஆகவே விநியோகஸ்தரையும் படமாளிகை முதலாளிகளையும் சென்னைப் படத்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த பண்டிகைக்கும் நானே வரிசையில் நிற்பேன். நான் கேட்பது சிறியது: தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகிய மூன்று வாரங்களிலும் நாளொன்றுக்கு ஒரு காட்சி, இந்நாட்டிலே எடுக்கப்பட்ட தமிழ்ப்படத்துக்கு. காலைக் காட்சியாயினும் சரி. உள்ளூராட்சி மன்றங்களுக்கு டிக்கட்டின்மேற் கேளிக்கை வரி அறவிடும் அதிகாரம் 1946-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தொட்டு உண்டு. எமது கேளிக்கையில் எடுத்த வரியில் ஒரு பங்கை எமது கலைக்கே திருப்பிவிடுங்கள். ஒரு கமராவும் ஒலிவாங்கியும் வாங்கி ஊர் நூலகத்திலே வையுங்கள். ஆசிரியத் தோழர்களே, 'பொன்மணி'யின் பிரதி எங்கே கிடைக்குமென்று தேடி, பாடசாலைச் சுவரிலே ஒரு வெள்ளைத் துணி கட்டிக் காட்டுங்கள். முற்போக்கு எழுத்தாளர் எனப்படுவோரே, வங்காளத்துப் படங்களைப் பற்றி இனியொரு கட்டுரை எழுதுமுன், உங்களூர் இளைஞன் எடுத்த குறும்படத்துக்கு ஒரு டிக்கட் வாங்குங்கள்.

தீபாவளி கழிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில், 'எங்கள் ஊரில் ஒரு படம்' என்ற தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுத்தேன். பெரும்பாலோர் கதாநாயகன், வில்லன், வெளிநாட்டுப் பாட்டு என்றே எழுதினர். பஸ்ஸிலே கேள்வி கேட்டவன் மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். புதன்கிழமை காலை, வாரக் கடன் அறவிடுகிறவனின் மோட்டார்ச் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்கிறது, வீடுவீடாகக் கதவுகள் மூடுகின்றன, பெண்கள் பின்வேலியாற் புகுந்து மரமுந்திரிகை மரங்களுக்கிடையே ஒளிந்து நிற்கிறார்கள், அங்கே ஒருத்தி சிரிக்கத் தொடங்க, மற்றவர்களுக்கும் அடக்க முடியாத சிரிப்பு வருகிறது. கதை அவ்வளவே. எழுத்துப்பிழைகள் பதினேழு.

அதை எடுக்கிறோம். இரண்டு கைத்தொலைபேசிகள் உள்ளன. மோட்டார்ச் சைக்கிளை என் நண்பரொருவர் இரவல் தருகிறார். தாய்மார் அறுவர் நடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒருத்தி இன்னும் கணவனைக் கேட்கவேண்டுமென்கிறாள். படம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். நகரத்துப் படமாளிகை முதலாளி அவர்களே, முழுக் காட்சி தர இயலாதென்றால், அடுத்த பண்டிகைப் படத்தின் இடைவேளையிலே விளக்கை எரியவிடாமல் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாருங்கள். டிக்கட் எடுத்துக்கொண்டுதான் வருவோம்.